பூட்டைப் பிடித்தபடி ஒரு பிரிண்ட்கே

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் வேலை செய்கிறவர்களுக்கு, செய்திகளை அச்சிடும் பிரிண்ட்கே ஃபங்ஷன் போல நம்பகமான துணை வேறில்லை. வன்பொருள் குறுக்கிட்டு அழைக்கும் இன்டரப்டுக்குள் இருந்தாலும், கிடைக்கும்வரை கேட்பவரைச் சுற்றவைக்கும் ஸ்பின்லாக் என்ற பூட்டைப் பிடித்திருந்தாலும், ஏன், கெர்னல் மீளமுடியாத பிழையால் பேனிக் ஆகி விழும் நேரத்திலும் அதைக் கூப்பிடலாம் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற எத்தனை பேர் எத்தனை வருடம் பாடுபட்டிருக்கிறார்கள் என்பது டிரைவர் வேலைக்கு வந்தபிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு சிப் நிறுவனம் கொடுத்த சீரியல் டிரைவரோடு இரண்டு கோர் போர்டு ஒன்று எங்களிடம் இருந்தது. பூட் வரியில், வெளியே தெரியும் செய்திகளைக் குறைக்கும் 'குவைட்' இருந்தால் நாள்கணக்கில் ஒழுங்காக ஓடும். ஏதாவது டிபக் செய்யலாம் என்று லாக்லெவலை எல்லாச் செய்தியும் வெளியே தெரியும்படி 8க்கு ஏற்றினால் திடீரென்று உறைந்துபோகும். பேனிக் செய்தியும் இல்லை, ஃபங்ஷன்கள் அழைக்கப்பட்ட வரிசையைக் காட்டும் ஸ்டாக் டிரேஸும் இல்லை. சிப்பின் உள்ளே நடப்பதைக் காட்டும் ஜேடேக் கருவியை மாட்டிப் பார்த்தபோது ஒரு கோர் ஸ்பின்லாக்கை வாங்கும் லூப்பிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

ஸ்டாக்கைக் கீழிருந்து படித்ததும் கதை தெளிவானது. சீரியல் இன்டரப்ட் ஹேண்ட்லர் போர்ட் பூட்டை எடுக்கிறது. வந்த தரவைப் படிக்குமுன் அடுத்தது வந்துவிட்ட ஓவர்ரன் பிழை தென்படுகிறது. பூட்டை விடாமலேயே பிரிண்ட்கேயைக் கூப்பிடுகிறது. பிரிண்ட்கே செய்தியை நினைவகத்தில் உள்ள பஃபரில் போட்டுவிட்டு, கன்சோலில் (இங்கே சீரியல் போர்ட்) எழுதும் உரிமையான கன்சோல் செமஃபோர் கிடைத்ததால், அதே டிரைவரின் எழுதும் ஃபங்ஷனுக்குள் போகிறது. அந்த ஃபங்ஷன் முதலில் கேட்பது அதே போர்ட் பூட்டை! பூட்டு இருப்பது இந்தக் கோரிடம்தான், இன்டரப்டும் மூடியிருக்கிறது, விடுவிக்க வேறு ஆளில்லை. லாக்லெவல் குறைவாக இருக்கும்போது செய்தி பஃபரோடு நின்றுவிடும், எழுதும் ஃபங்ஷன் கூப்பிடப்படாது. அதனால்தான் 'குவைட்' போட்டால் எதுவும் நடக்கவில்லை.

கெர்னலோடு வரும் 8250 சீரியல் டிரைவரைப் பார்த்தால் இந்த ஆபத்தை எப்போதோ யோசித்திருப்பது தெரியும். ஊப்ஸ் எனப்படும் கெர்னல் பிழை நடக்கும் நேரத்தில் அதன் கன்சோல் எழுதும் ஃபங்ஷன் பூட்டுக்காகக் காத்திருக்காது. முயன்று பார்க்கும், கிடைக்காவிட்டாலும் எழுதிவிடும். எங்கள் டிரைவருக்கு அவ்வளவுகூடத் தேவைப்படவில்லை. ஹேண்ட்லருக்குள் ஓவர்ரன் எண்ணிக்கையை மட்டும் கூட்டிவிட்டு, பூட்டை விட்டபிறகு செய்தியை அச்சிட்டோம். சரியாகிவிட்டது.

ஆனால் பூட்டுக்காக முடிவில்லாமல் காத்துக் கிடக்கும் டெட்லாக் எல்லாமே இப்படி ஒரே டிரைவருக்குள் அடங்கிவிடாது. பிரிண்ட்கே முடியும்போது கன்சோல் செமஃபோரை விடுகிறது. அதற்காக யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டும். எழுப்ப, எந்த வேலை எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரின் ரன்கியூ (ஓடக் காத்திருப்பவற்றின் வரிசை) பூட்டு வேண்டும். ஷெட்யூலரே அந்தப் பூட்டைப் பிடித்தபடி ஒரு எச்சரிக்கையை அச்சிட்டால்? அவ்வளவுதான். அதற்காக 2012இல் தனியாக ஒரு ஃபங்ஷன் வந்தது. இன்று அதன் பெயர் பிரிண்ட்கே_டிஃபர்டு. செய்தியை உடனே பதிந்துகொள்ளும், வெளியே காட்டும் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளும்.

என்னைக் கேட்டால் இந்த விஷயத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. பதிவது நொடியின் மிகச் சிறிய பகுதியில் முடியும். காட்டுவதோ, 115200 பாட் சீரியலில் 80 எழுத்து கொண்ட ஒரு வரிக்கே ஏறக்குறைய 7 மில்லிசெகண்ட் பிடிக்கும். முன்பெல்லாம் கன்சோல் கையில் சிக்கியவர் தலையில்தான் மற்ற கோர்கள் போட்ட செய்திகளை அச்சிடும் வேலையும் விழும். வெள்ளம்போல் செய்தி வந்தால் 20 விநாடி தாண்டி, கோர் ஒன்று சிக்கிக்கொண்டது என்று சொல்லும் சாஃப்ட்லாக்அப் எச்சரிக்கை வரும். அதுவும் அதே வரிசையில்தான் போய் நிற்கும். இரண்டு வேலையையும் ஒரே கயிற்றில் கட்டியதால் வந்த வினை இது.

பிரித்தெடுக்கப் பல வருடங்கள் ஆயின. பஃபரைக் காத்த பூட்டை ஒரு கோர் பிடித்திருக்கும்போது அதே கோரில், மூடிவைக்க முடியாத இன்டரப்டான என்எம்ஐ வந்து அச்சிட்டால் ஆபத்து என்பதால், 2016இல் 4.7 பதிப்பில் பெட்ர் ம்லாடெக் ஒவ்வொரு கோருக்கும் தனி பஃபர் கொண்டுவந்தார். 2020இல் 5.10இல் ஜான் ஓக்னெஸ்ஸின் பூட்டே இல்லாத ரிங் பஃபர் வந்தது. அப்புறம் கன்சோல் பக்கம்: புதிய வகை கன்சோல்களில் பேனிக் ஆகும் கோர், பாதியில் எழுதிக்கொண்டிருப்பவரிடமிருந்து முறைப்படி பொறுப்பை வாங்கிக்கொள்ளலாம். இதெல்லாம் ஓரளவு கைகூடியபிறகுதான் 2024 நவம்பரில் வந்த 6.12இல் குறித்த நேரத்துக்குள் பதில் தரும் ரியல்டைம் கெர்னல் ஆதரவு முழுதாகச் சேர்ந்தது. அந்தப் பொறுமையான உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இருந்தாலும் புழக்கத்தில் இருக்கும் போர்டுகளில் பல இன்னும் பழைய கெர்னலில் ஓடுகின்றன. அதனால் கோட் ரிவ்யூவில் பூட்டுக்கும் விடுவிப்புக்கும் நடுவே பிரிண்ட்கே கண்ணில் பட்டால் நிறுத்திக் கேட்டுவிடுவேன். தேவையான மதிப்புகளை லோக்கல் மாறியில் எடுத்துவைத்து வெளியே வந்து அச்சிடச் சொல்வேன். உள்ளேயேதான் பார்க்க வேண்டும் என்றால் டிரேஸ்_பிரிண்ட்கே இருக்கிறது. அது நினைவகத்தோடு நின்றுவிடும், கன்சோலைத் தொடாது. சோதனை போர்டில், பூட்டுகள் எடுக்கப்படும் வரிசையைக் கவனித்து டெட்லாக் ஆபத்தைச் சொல்லும் லாக்டெப் போட்ட கெர்னலை, லாக்லெவல் 8இல், உண்மையான சீரியல் கன்சோலோடு ஓட்டுகிறோம். எழுதும் ஃபங்ஷன் ஒருமுறையாவது ஓடாவிட்டால் பூட்டுகளின் வரிசை லாக்டெப்புக்குத் தெரியவே தெரியாது. முதல் புகாரைச் சொன்னதும் அது தன்னை அணைத்துக்கொள்ளும் என்பதால், அந்தப் புகாரைச் சரிசெய்த பிறகே அடுத்ததைத் தேடுகிறோம்.