இரவுக் கப்பலும் மட்டன் ரோல்ஸும்

லண்டனிலிருந்து காரில் ஐரோப்பா சுற்ற வெளிக்கிடுபவர்களுக்கு இங்கிலாந்தின் ஹாரிச் துறைமுகத்திலிருந்து நெதர்லாந்தின் ஹூக் ஒவ் ஹொலண்டுக்குப் போகும் இரவுக் கப்பல் நல்ல தெரிவு. இரவு 11 மணிக்குப் புறப்பட்டு, ஹொலண்ட் நேரப்படி காலை 8 மணிக்குக் கரை சேரும். நேர வித்தியாசம் ஒரு மணித்தியாலத்தை விழுங்கிவிடுவதால், ஒலிபெருக்கி எழுப்பும்போது உடம்புக்கு இன்னும் விடிந்திருக்காது. கபின் கட்டாயம், சோபாவில் சரிந்து சமாளிக்கலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது.

முதல்நாள் குழப்பம் எல்லாம் டிக்கியில்தான் தொடங்கும். கப்பல் நகர்ந்ததும் கார்த் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். காலையில் கரை தட்டும்வரை காரடிக்குப் போகவே முடியாது. பல் துலக்கும் பிரஷ், மருந்து, பிள்ளையின் இரவுடுப்பு, சார்ஜர், கடவுச்சீட்டு எல்லாம் ஒரு சின்னப் பையில் கையோடு இருக்கவேண்டும். அந்தப் பையை முதலில் கட்டி முடிப்பவர்கள் அதை முதலில் ஏற்றுவார்கள். அதன்மேல் நாலு சூட்கேஸும் ஒரு அரிசிக் குக்கரும் ஏறும். ஆகவே அதைக் கடைசியாக ஏற்றுங்கள், அல்லது மடியில் வையுங்கள்.

மட்டன் ரோல்ஸும் அந்தப் பைக்குள்தான் போகவேண்டும். 2021 ஜனவரியிலிருந்து பிரித்தானியாவிலிருந்து இறைச்சியும் பாலுணவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. அந்த மாதமே ஹூக் ஒவ் ஹொலண்ட் துறைமுகத்தில் ஹாம் சாண்ட்விச்சுகளைப் பறித்ததை டச்சுத் தொலைக்காட்சி காட்டியது. ‘இறைச்சியை எடுத்துவிட்டுப் பாணையாவது தாருங்கள்’ என்று கேட்ட சாரதிக்கும் இல்லையென்றுதான் பதில். ரோல்ஸ் டிக்கியில் கிடந்தால், காலையில் கதவு திறந்ததற்கும் சுங்க அதிகாரி குனிந்து பார்ப்பதற்கும் இடையிலான சில நிமிடங்களில் முப்பதையும் விழுங்கவேண்டிவரும். கபினில் இரவே தின்று முடிப்பது சமிபாட்டுக்கு நல்லது.

தயிர்ச்சோறும் தப்பாது. மீன் கட்லட்டுக்குப் பயமில்லை, மீன் ஆளுக்கு 20 கிலோ வரை போகலாம். கருவாடும் மீன்தான், ஆனால் மூடிய காருக்குள் அதை இரவு முழுக்க வைப்பது உங்கள் துணிவு. தேங்காய், வாழைப்பழம், அன்னாசிக்குத் தடையில்லை. மற்றப் பச்சை மரக்கறி, பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், ஆகவே கறிவேப்பிலைக் கட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

காரை நிறுத்தியதும் ஹாண்ட்பிரேக்கை இழுத்து, கியரில் விட்டு, அலாரத்தின் அசைவு உணரியை அணையுங்கள். கப்பல் ஆடும்போது அது திருடன் என்று நினைத்து விடியும்வரை கத்தும், பற்றரியும் இறங்கும். தள இலக்கத்தையும் படிக்கட்டின் நிறத்தையும் படம் எடுங்கள். ‘எனக்கு ஞாபகம் இருக்கும்’ என்று சொன்னவர்தான் காலையில் பிள்ளைகளோடு பிழையான தளத்தில் நிற்பார். கடலில் போனை விமானப் பயன்முறையில் போடாவிட்டால் கப்பலின் வலையமைப்பு தானாகப் பற்றிக்கொள்ளும், பில் வந்தபின்தான் தெரியும்.

முன்விளக்கு ஸ்டிக்கரை வீட்டிலேயே, கண்ணாடி காய்ந்திருக்கும்போது ஒட்டுங்கள். இங்கத்தைய விளக்கு இடப்பக்கம் சாய்ந்து அடிக்கும், வீதியின் வலப்பக்கம் ஓட்டும் அங்கே அது எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். சில கார்களில் அதைத் திரையிலேயே மாற்றலாம். பின்னால் ‘யூகே’ ஸ்டிக்கர். பழைய ‘ஜிபி’ 2021 செப்டம்பரோடு செல்லாது.

கப்பலைவிட்டு இறங்கும்போது யாரும் பக்கம் மாறி ஓடுவதில்லை, முன்னால் போகும் லொறி வழிகாட்டும். முதல் பெற்றோல் நிலையத்திலிருந்து வெறும் வீதிக்கு வெளியே வரும்போதுதான் கை தானாக இடப்பக்கம் திருப்பும். நெடுஞ்சாலையில் பகலில் 100 கிலோமீற்றர், அதாவது 62 மைல். மைல் காட்டும் உங்கள் முள் 100-ஐத் தொட்டால் அது வேறு கணக்கு.

ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால், முந்தும்போது எதிரேயும் பக்கத்திலும் என்ன வருகிறது என்று இடப்பக்க முன்சீட்டில் இருப்பவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அங்கே அம்மம்மாவை இருத்தினால் பெல்ஜியம் எல்லைவரை லொறியின் பின்னாலேயே போகவேண்டியதுதான்.