24, 33: இந்த இரண்டு கேள்வியைப் பார்த்துக் கைடு வாங்குங்கள்

ரிசல்ட் வந்த கையோடு சேலத்துக் கடைகளில் அடுத்த வருடப் பிளஸ் டூ கைடுகள் அடுக்கியாகிவிடும். பிளஸ் ஒன் முடித்த பிள்ளையும் கூட வந்த அப்பாவும் அட்டையைப் பார்த்து, ஆறு பாடத்துக்கும் ஆறு கைடை ஒரே பையில் போட்டுக்கொண்டு போவார்கள். அதே நாட்களில்தான் இன்னொரு கூட்டம் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும். நகல் கைக்கு வந்ததும் மார்க் வெட்டுப்பட்ட இடங்களைப் பாருங்கள். தெரியாமல் விட்ட கேள்விக்குப் பக்கத்திலேயே, தெரிந்தும் கைடில் இருந்தபடி சுருக்கி எழுதி ஸ்டெப் மார்க்கைப் பறிகொடுத்த கேள்வியும் இருக்கும். வயிறு எரிவது அந்த இரண்டாவதைப் பார்க்கும்போதுதான். பிள்ளை படித்திருக்கிறது, படித்த புத்தகம்தான் சரியில்லை.

பிளஸ் டூ பொதுத்தேர்வில் இயற்பியல், வேதியியல் இரண்டிலும் எழுத்துத் தேர்வு 70 மார்க். இரண்டு மார்க்கில் ஒன்பது கொடுத்து ஆறு கேட்பார்கள், மூன்று மார்க்கிலும் அப்படியே. ஐந்து மார்க்கில் 'அல்லது' உண்டு. சாய்ஸ் இல்லாமல் நிற்பவை ஒரு மார்க் பதினைந்தும், 24, 33 என்ற இரண்டு காம்பல்சரி கேள்விகளும்தான். ஆக 15-உம் 5-உம், 20 மார்க். சென்டம் தவறுவது பெரும்பாலும் இந்த இருபதில். கைடின் தரத்தையும் முதலில் இந்த இருபதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இயற்பியலில் 24, 33 பெரும்பாலும் கணக்கு. பாடத்துக்கு நடுவே தீர்த்துக் காட்டியிருக்கும் எடுத்துக்காட்டிலிருந்து வரலாம், பயிற்சிக் கணக்கிலிருந்து வரலாம், அதே கணக்கு எண் மாறியும் வரலாம். பல கைடுகள் புக் பேக்கை, அதாவது பாடத்தின் கடைசியில் வரும் பயிற்சியை மட்டும் முழுதாகப் போட்டுவிட்டு, எடுத்துக்காட்டுக் கணக்குகளை மொத்தமாக விட்டுவிடுகின்றன. கடையில் நிற்கும்போதே முதல் அலகான நிலை மின்னியலைத் திறந்து, பாடநூலின் எடுத்துக்காட்டுகளில் ஏதாவது மூன்று கைடில் இருக்கிறதா என்று தேடுங்கள். மூன்றும் இல்லையென்றால் அதைக் கீழே வைத்துவிடலாம்.

கணிதத்தில் எழுத்துத் தேர்வு 90. காம்பல்சரி எண்கள் 30, 40. இரண்டு மார்க், மூன்று மார்க் இரண்டிலும் பத்தில் ஏழு எழுத வேண்டும், அந்த ஏழில் ஒன்று கட்டாயம்.

அடுத்தது ஸ்டெப். இதைச் சோதிக்கத் தோதான இடம் மின்னோட்டவியலில் வரும் வீட்ஸ்டோன் சமனச்சுற்று. படம், இரண்டு சந்திகளில் கிர்க்காஃப் மின்னோட்ட விதி, இரண்டு மூடிய சுற்றுகளில் மின்னழுத்த வேறுபாட்டு விதி, கால்வனாமீட்டரில் மின்னோட்டம் சுழியாகும் நிலை, கடைசியாக மின்தடைகளின் விகிதம். இத்தனையும் வரிசையாக இருக்க வேண்டும். படத்தைப் போட்டுவிட்டு 'சமநிலையில்' என்று தாவி விகிதத்துக்குப் போகும் கைடுகள் இருக்கின்றன. விடைக்குறிப்பு மார்க்கைப் படிக்குப் படி பிரித்துக் கொடுக்கிறது, திருத்துபவர் இல்லாத படிக்கு மார்க் போட முடியாது. கணிதத்தில் இதே சோதனையை முதல் பாடமான அணிகளில் செய்யுங்கள். அணியின் தரம் காணும் கணக்கில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் 'ஆர்2 → ஆர்2 − 2ஆர்1' என்பது போல நிரைச் செயல் எழுதியிருக்கிறதா? அம்புக்குறி இல்லாமல் அணி மட்டும் மாறிக்கொண்டே போனால், படிக்கிற பிள்ளையும் அப்படித்தான் எழுதும்.

நீட், ஜேஇஇ-க்கும் சேர்த்து என்று அட்டையில் போட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. ஒளிமின் விளைவுக் கணக்கில் 12,400-ஐ ஆங்ஸ்ட்ராமில் உள்ள அலைநீளத்தால் வகுத்து, 6,200-க்கு ஃபோட்டான் ஆற்றல் 2 எலக்ட்ரான் வோல்ட் என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். நுழைவுத் தேர்வுக்கு அது சரி. பொதுத்தேர்வில் சூத்திரம், பிரதியிடல், அலகோடு விடை என்று எழுதினால்தான் முழு மார்க்.

நீளமான விடை நல்ல விடை என்றும் எண்ண வேண்டாம். இயற்பியலில் 3 மணி நேரத்துக்குள் 32 விடை, கணிதத்தில் 41. ஐந்து மார்க்குக்கு நாலு பக்கம் அச்சடித்த கைடை வைத்துப் படித்தால் கடைசி இரண்டு கேள்விக்கு நேரம் இருக்காது.

கடையில் பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டியவை, பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு:

– பாடநூலின் உள்பக்கத்தில் திருத்திய பதிப்பு எந்த ஆண்டு என்று இருக்கும். கைடு அதற்கு முந்தையது என்றால் வேண்டாம்.
– ஒரு மார்க் விடைகள் '1-அ, 2-ஈ' என்று எழுத்தாக மட்டும் இருந்தால் வேண்டாம். வினாத்தாளே குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுதச் சொல்கிறது. எழுத்தை மனப்பாடம் செய்தவர், விருப்பங்களின் வரிசை மாறினால் தவறவிடுவார்.
– புக் பேக்கில் இல்லாமல் பாடத்தின் உள்ளிருந்து எடுத்த ஒரு மார்க் கேள்விகள் பாடத்துக்குப் பாடம் தனியாக இருக்க வேண்டும். ஐந்துக்கு விடையைப் பாடநூலில் தேடிப் பாருங்கள். ஒன்று தவறு என்றாலும் அடுத்த கைடை எடுங்கள்.
– இரண்டு தொகுதியும் சேர்ந்ததா, முதல் தொகுதி மட்டுமா?
– தமிழ் வழி என்றால் கலைச்சொல். பாடநூலில் ஒரு சொல், கைடில் வேறு சொல் என்றால் பிள்ளை இரண்டையும் குழப்பிக்கொள்ளும்.
– உயிரியலில் தாவரவியல் 35, விலங்கியல் 35. பல கைடுகளில் ஒரு பாதி நன்றாகவும் மறு பாதி அவசரமாகவும் இருக்கும். இரண்டையும் திறந்து பாருங்கள்.

அண்ணன், அக்கா வைத்திருந்த பழைய கைடு கிடைத்தால் ஆண்டைப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் புதிய பாடநூல் வந்தது 2019-20-இல். அதற்கு முந்தைய கைடு எடைக்குத்தான் போக வேண்டும். 2020-21, 2021-22 இரண்டு வருடமும் கொரோனாவால் பாடத்திட்டத்தைக் குறைத்திருந்தார்கள். அந்த வருடத்துக் கைடுகளும் 2022 வினாத்தாளும் பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும், ஆனால் சில பகுதிகளே அவற்றில் இருக்காது. ஆபத்து இவற்றில்தான் அதிகம், விடுபட்டிருப்பதே கண்ணில் படாது. 2020 மார்ச் வினாத்தாளும், 2023 முதல் வந்தவையும் முழுப் பாடத்துக்கானவை. அவற்றை நம்பிப் போட்டுப் பார்க்கலாம்.

தமிழுக்குப் பாடலின் பொருளும் இலக்கணமும் தெளிவாக உள்ள ஒரு உரை போதும். ஆங்கிலத்துக்கு இலக்கணப் பயிற்சி நிறைய உள்ளது ஒன்று. வணிகவியல், பொருளியலுக்குப் பாடநூலே எளிமையானது, கைடு கட்டாயமில்லை. கணக்குப்பதிவியலில் மட்டும், ஒவ்வொரு கணக்குக்கும் பேரேட்டுக் கட்டம் முழுதாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இறுதித் தொகையை மட்டும் கொடுத்திருந்தால் பிரயோஜனமில்லை.

பாஸ் ஆனால் போதும் என்ற நிலையில் இருப்பவர்கள் 500 பக்கக் கைடை வாங்கவே வேண்டாம். 70 மார்க் தாளில் எழுத்தில் 15 கட்டாயம், செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்த மொத்தம் 100-இல் 35. பள்ளியில் கொடுக்கும் மெல்லக் கற்போர் கையேடு அதற்காகவே தயாரித்தது. அதோடு புக் பேக் ஒரு மார்க் முழுவதையும் முடித்தால் கரை சேரலாம்.

எப்போது வாங்குவது? மே மாதத்தில் வேண்டாம். ஜூனில் பள்ளி திறந்து, முதல் இரண்டு பாடத்தைப் பாடநூலில் படித்த பிறகு வாங்குங்கள். படிக்காத பாடத்தின் கைடில் பிழை இருந்தால் கண்டுபிடிக்க வழியே இல்லை. பாடத்துக்கு ஒன்று போதும். அரையாண்டுக்குப் பிறகு புதிதாக எதையும் வாங்காதீர்கள். ஜனவரியில் இரண்டாவது கைடைத் திறந்தால், ஒரே கேள்விக்கு இரண்டு விதமான விடை மனதில் நின்று, தேர்வறையில் எதை எழுதுவது என்று தடுமாற வைக்கும்.

ஏற்காட்டிலிருந்தும் நாகலூர், வெள்ளக்கடைப் பக்கமிருந்தும் வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து வாங்கிய கைடை மறுநாளே போய் மாற்றிவர முடியாது. பாடநூல்களைப் பையில் எடுத்துக்கொண்டே இறங்குங்கள். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கமோ ஐந்து ரோடோ, கடை எதுவானாலும் கூட்டமில்லாத காலை நேரத்தில் போனால் நின்று புரட்டிப் பார்க்க விடுவார்கள். பாடநூலின் கியூஆர் கோடு காணொளிகளுக்கு மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. அதனால் சேலத்தில் இருக்கும்போதே பாடநூல் பிடிஎஃப்களையும் முந்தைய வினாத்தாள்களையும் போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்த அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கைடில் விடுபட்ட எடுத்துக்காட்டுக் கணக்குகளைப் பாடவாரியாகப் பாடநூலில் பென்சிலால் வட்டமிட்டு, பக்க எண்ணைக் கைடின் அந்தப் பாடத்து முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஒரு பாடத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ரிவிஷன் நேரத்தில் 24-க்கும் 33-க்கும் முதலில் தேட வேண்டியது அந்தப் பக்கங்களில்தான்.