சக்கர நாற்காலியும் காம்பவுண்ட் வில்லும்: ஒஹாயோவில் ஒரு மான் பருவம்

வில்வேட்டை என்று சொன்னதும் எல்லாரும் என் கைகளைத்தான் பார்க்கிறார்கள். நிற்க முடியாதவர் வில்லை எப்படி இழுக்கிறார் என்பதுதான் கேள்வி. இழுப்பது பயிற்சியில் வந்துவிட்டது. அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் எனக்குப் பெரும்பாடு. தண்டுவடம் அடிபட்டவர்கள் நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்காரக் கூடாது. பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உடலைத் தூக்கியோ சாய்த்தோ பாரத்தை மாற்ற வேண்டும்; தவறினால் படுக்கைப்புண். வெண்வால் மானோ சிறு அசைவைக் கண்டாலும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். இந்த இரண்டையும், மானுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் ஒரே கூடாரத்துக்குள் சமாளித்த கதை இது.

நான் இருப்பது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்குக் கிழக்கே. நம் ஊரில் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மானைச் சுட்டால் சிறைதான். இங்கே கணக்கு வேறு. 1904 வாக்கில் ஒஹாயோவில் மான் இனமே அற்றுப்போயிருந்தது. பிறகு மெல்லப் பெருகி, 1943-இல் கட்டுப்பாடுகளுடன் வேட்டைப் பருவம் மீண்டும் திறந்தது. இன்று ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் வேட்டையாடப்படுகின்றன. அப்படியும் சோயா வயல்காரர்களின் புலம்பல் ஓயவில்லை. வில் பருவம் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை தொடங்கி பிப்ரவரி முதல் ஞாயிறு வரை நீளும். கொம்புள்ள மான் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒன்றே ஒன்று. பெரிய கொம்புக்கு ஆசைப்படுகிறவர் சின்னதையெல்லாம் கண்ணால் பார்த்து அனுப்பிவிட வேண்டும்.

குறுக்குவில்லுக்கு (கிராஸ்போ) இங்கே யாருக்கும் அனுமதி உண்டு. என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதன் முன்வளையத்தைக் காலால் மிதித்துக்கொண்டு நாணேற்ற வேண்டும் என்பது என் போன்றவர்களுக்குக் கேலிபோலத்தான் இருக்கும். கைப்பிடியைச் சுற்றி நாணேற்றும் கருவி பொருத்திய பிறகு அது பழகிவிட்டது. என்றாலும் மனம் இரு முனையிலும் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லையே நாடியது. சட்டப்படி அதற்கு 40 பவுண்டு இழுவிசையாவது இருக்க வேண்டும். அங்கே தொடங்கி, போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி 50-க்கு வந்தேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். சக்கரத்தைத் தள்ளுவதும், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும் இந்தத் தோள்களை நம்பித்தான். தோளில் தசைநார் கிழிந்தால் வேட்டையோடு போகாது, குளியலறைக்குப் போவதும் நின்றுவிடும். எழுபது பவுண்டு இழுக்கும் வீரர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். முழுக்க இழுத்து நிறுத்தியதும் என் வில்லின் கப்பிகள் பாரத்தில் 85 விழுக்காட்டை வாங்கிக்கொள்கின்றன. விரல் தாங்குவது ஏழரைப் பவுண்டுதான்.

தொல்லை நடுவுடலில். எனக்குத் தொப்புள் மட்டத்துக்குக் கீழே தசைகள் பேச்சைக் கேட்பதில்லை. வில்லைக் கைநீட்டிப் பிடித்தாலே உடல் அந்தப் பக்கம் சரியும். அகலமான பட்டை ஒன்றை மார்புக்குக் குறுக்கே நாற்காலியின் முதுகோடு சேர்த்துக் கட்டியதும் சரிவு நின்றது. அடுத்து வில்லின் நீளம். என்னுடையது 28 அங்குலம். நீளமான வில் என்றால் கீழ்க்கப்பி தொடையிலோ சக்கரத்திலோ இடிக்கும். நாற்காலியை இலக்குக்கு நேராக நிறுத்தக் கூடாது. நன்றாக வலப்பக்கம் திருப்பி, இடத்தோள் இலக்கைப் பார்க்கும்படி நிறுத்தினால் முழங்கால் வழியிலிருந்து விலகிவிடும். கைவைக்கும் தாங்கிகள் இரண்டையும் கழற்றிவிடுவது நல்லது.

வில்லும் சக்கர நாற்காலியும் சேர்ந்தது இன்று நேற்றல்ல. 1948 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மருத்துவர் லுட்விக் குட்மன் நடத்திய போட்டியில் 16 பேர் நாற்காலியில் அமர்ந்து அம்பெய்தார்கள்; பாராலிம்பிக் கிளைத்தது அதிலிருந்துதான். கையே இல்லாத மாட் ஸ்டட்ஸ்மன் காலால் வில்லைப் பிடித்து 2024 பாரிஸில் தங்கம் வென்றார். இதெல்லாம் தெரிந்த பிறகு எனக்கு இருக்கும் இரண்டு கைகளைப் பற்றி யாரும் பரிதாபப்பட்டால் எரிச்சல்தான் வருகிறது.

தூரத்துக்கு நானே ஓர் எல்லை போட்டுக்கொண்டேன்: இருபது கெஜம், அதாவது 18 மீட்டர். என் அம்பு அந்தத் தூரத்தைக் கடக்கக் கிட்டத்தட்ட கால் நொடி ஆகிறது. நாண் விடுபடும் சத்தமோ அதற்குள் மானின் காதை எட்டியிருக்கும். ஓடுவதற்காக மான் முதலில் உடலைத் தாழ்த்தும். நெஞ்சின் நடுவைக் குறிவைத்தால் அம்பு முதுகின் மேலே போய்விடலாம். ஆகவே கீழ் மூன்றில் ஒரு பங்கைக் குறிவைத்தே பயிற்சி. குறைந்த இழுவிசைக்கு, பட்டதும் விரியும் மடக்குக் கத்தி முனை ஒத்துவராது. நிலையான இரட்டை அலகு முனையும் கனமான அம்பும்தான் ஆழமாக இறங்கும்.

இனி இடம். மற்றவர்கள் காட்டுக்குள் நடந்துபோய் மரத்தில் பரண் கட்டுகிறார்கள். காற்று மாறினால் வேறு மரம். என் நாற்காலி போகக்கூடிய இடம் டிராக்டர் பாதை மட்டும். முன்சக்கரங்கள் சேற்றில் புதையாமலிருக்க, அவற்றைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் பெரிய ஒற்றைச் சக்கரத்தை முன்னால் மாட்டிக்கொள்கிறேன். பண்ணைக்காரப் பெரியவர் எழுத்தில் அனுமதி கொடுத்தார். தனியார் நிலமென்றால் இங்கே அது கட்டாயம். மேற்கே ஓக் தோப்பு, கிழக்கே அறுவடை முடிந்த மக்காச்சோள வயல், நடுவே பழைய கம்பிவேலி. வேலி சாய்ந்துகிடந்த ஓர் இடைவெளி வழியாகத்தான் மான்கள் போய்வந்தன. காலடிகள் மண்ணைப் பள்ளமாக்கியிருந்தன. அதற்குத் தென்கிழக்கே கூடாரம் போட்டேன். வடமேற்குக் காற்று அடிக்கும் நாளில் என் வாடை வெறும் வயல் பக்கம் போய்விடும். மற்ற நாட்களில் வீட்டில் இருந்தேன்.

கூடாரத்தின் கதவுக்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்குத் துணி விளிம்பு இருக்கும். நடப்பவர் தாண்டிவிடுவார், சக்கரம் தாண்டாது. இரண்டு பக்கமும் கத்தரித்து அதைத் தரையோடு ஆணியடித்தேன். உள்ளே சருகுகளைப் பெருக்கிவிட்டு ரப்பர் பாய் விரித்தேன். பிரேக் நெம்புகோலின் "டிக்" சத்தம் மானுக்குத் துப்பாக்கிச் சத்தம் மாதிரி. அதற்குப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினேன். பளபளத்த கம்பிகளுக்குக் கறுப்புத் துணி. கூடாரத்தின் உட்புறம் கறுப்பு என்பதால் நானும் கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை.

இப்போது அசையும் பிரச்சினை. கைகளை ஊன்றி உடலை மேலே தூக்கும் வழக்கமான முறை சன்னலில் தலை ஏறி இறங்குவதாகத் தெரியும். அதற்குப் பதிலாக மார்புப் பட்டையைத் தளர்த்தி, மார்பு தொடையைத் தொடுமளவு முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் இருப்பேன். இதில் தலை சன்னலுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. வெளியிலிருந்து பார்க்கும் மானுக்கு ஒன்றும் தெரியாது. கடிகாரம் கையில் அதிர்ந்து நேரத்தைச் சொல்லும். அந்த நேரத்தில் மான் எதிரில் இருந்தால், அது தலை தாழ்த்தி மேயும்வரை, அல்லது காற்று சருகுகளைப் புரட்டும்வரை பொறுப்பேன். அந்தப் பொறுமைக்கும் எல்லை உண்டு. அரைமணி தாண்டினால் மான் போனாலும் போகட்டும் என்று குனிந்துவிடுவேன். புண் ஒன்று வந்தால் மாதக்கணக்கில் குப்புறப் படுத்திருக்க வேண்டும். இரவு வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்ப்பது வில்லைத் துடைப்பதற்கு முன்பு.

குளிர் இன்னொரு எதிரி. பாதத்தில் உணர்வில்லை; உறைந்தாலும் எனக்குத் தெரியாது. சூடு தரும் பொட்டலங்களைப் பூட்ஸுக்குள் வைத்தால் தோல் வெந்தாலும் தெரியாது. ஆகவே தளர்வான பூட்ஸ், கம்பளிக் காலுறை, மேலே ஒரு உறக்கப்பை. குளிர் ஏறினால் கால்கள் தாமாக வெட்டி உதறும். கால்மிதியில் உலோகச் சத்தம் கிளம்பும். தொடைகளையும் கணுக்கால்களையும் பட்டையால் கட்டி, கால்மிதிக்குப் பஞ்சுத் தகடு ஒட்டினேன். ஒரு வசதியையும் சொல்ல வேண்டும்: சிறுநீர் சேரும் பை காலில் கட்டியிருப்பதால், பரணிலிருந்து இறங்கலாமா வேண்டாமா என்று மற்றவர்கள் தவிப்பதுபோல எனக்குத் தவிப்பில்லை.

நவம்பர் நடுப்பகுதி இணைசேரும் காலம். ஆண் மான்கள் கழுத்துப் பெருத்து, பகலிலும் புத்தி பேதலித்துத் திரியும். எட்டுக் கிளைக் கொம்போடு இளைஞன் ஒருவன் பலமுறை பத்துக் கெஜத்தில் நின்றான். அகலம் காதுக்குள் அடங்கியிருந்தது. காதுகளை விரித்து நிற்கும் மானுக்கு ஒரு காது நுனியிலிருந்து மறு நுனி வரை சுமார் 16 அங்குலம். கொம்பு அதற்கு வெளியே போனால்தான் நெஞ்சு படபடக்க வேண்டும். இவனை அனுப்பிவிட்டேன்.

பெரியவன் வந்த காலையில் முதலில் ஒரு பெண் மான் வால் ஒருபக்கம் ஒதுங்கியபடி இடைவெளியைத் தாண்டியது. பின்னாலேயே பன்றியின் உறுமலைப் போன்ற ஒரு சத்தம். கொம்புகள் காதுகளுக்கு வெளியே இரண்டு விரற்கடை நீண்டிருந்தன. பின்கால் முட்டியின் சுரப்பிகள் கரியாகக் கறுத்திருந்தன. வேலிக்கம்பத்தை ஒட்டிய செடார் மரம் அவன் முகத்தை மறைத்த கணத்தில் இழுத்தேன். இடது கால் பட்டைக்குள் ஒருமுறை துள்ளியது, சத்தம் வரவில்லை. அவன் நடந்துகொண்டே இருந்தான். வாயால் மெல்ல "மேஹ்" என்றேன். நின்றான். மூக்கு நுனியில் ஈரம், மீசை முடியில் உறைபனி. பதினேழு கெஜம், முழுப் பக்கவாட்டு. அம்பு விலாவுக்குள் போன இடத்தைக் கண்ணால் பார்த்தேன்.

அரைமணி நேரம் காத்திருப்பது வழக்கம். அடிபட்ட மானை உடனே துரத்தினால் வெகுதூரம் போய்விடும். இரத்தத் தடத்தை வயல் ஓரம்வரை நானே நாற்காலியில் தொடர்ந்தேன். சோளத் தண்டுகளில் நுரையோடு கூடிய இளஞ்சிவப்பு இரத்தம், அதாவது அம்பு நுரையீரலில் பட்டிருக்கிறது. முட்புதருக்குள் என் நண்பன் போனான். சற்று நேரத்தில் கைப்பேசியில், "அண்ணா, இங்கே கிடக்கிறது. எண்பது கெஜம்கூட இருக்காது" என்றான்.

பெரியவர் டிராக்டர் கொண்டுவந்தார். அதன் முன்வாளியில் மானைத் தொங்கவிட்டு என் மார்பு உயரத்துக்கு இறக்கினார். தரையில் கிடந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. தொங்கினால் உட்கார்ந்தபடியே வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து நானே சுத்தம் செய்ய முடிகிறது. மறுநாள் நண்பகலுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. அன்றே பதிந்து, கிடைத்த 18 இலக்க எண்ணை அட்டையில் எழுதி மானில் கட்டினேன்.

கொம்பு விஷயம். 1961-இல் தொடங்கிய போப் அண்ட் யங் சங்கம் வில்வேட்டைப் பதிவேட்டில் சேர்க்க, சமச்சீரான வெண்வால் கொம்புக்கு 125 அங்குலம் கேட்கிறது. பிரதான தண்டுகள், கிளைகள், சுற்றளவுகள், உட்புற அகலம் எல்லாவற்றையும் எட்டில் ஒரு அங்குலக் கணக்கில் கூட்டி, இடது வலது வித்தியாசத்தைக் கழிக்கிறார்கள். மான் வளர்த்த கொம்பை மனிதன் கழிப்பது எனக்கு ஒப்பவில்லை, ஆனால் விதி விதிதான். சமையலறை மேசையில் நாங்கள் அளந்தபோது கழித்தது போக 126-க்குச் சற்று மேல். அறுபது நாள் உலர்ந்த பிறகே அதிகாரப்பூர்வ அளவை. உலரும்போது கொஞ்சம் சுருங்கும். ஆகவே இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இன்னும் தெரியாது.

பருவம் முடிய நாளிருக்கிறது. கொம்பில்லாத மானுக்கு அனுமதிச் சீட்டு கையில் உள்ளது. தோளுக்கு ஓய்வு கொடுத்து, பனிக்காலத்தில் குறுக்குவில்லோடு உட்காரப்போகிறேன். கூடாரத்தின் வடக்குச் சன்னலை இரண்டு அங்குலம் கீழே இறக்கித் தைக்கக் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வருகிறது.