பன்னிரண்டு மணிக்குப் பிறகு

ரப்பர் பால்வெட்டு காலையிலேயே முடிந்துவிடுகிற தொழில். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால், சிரட்டையில் விழுந்த பாலை எடுத்து, உறை ஊற்றி, முந்தின நாள் உறைந்ததை மெஷினில் அழுத்தி ஷீட்டாக்கித் தொங்கவிட்டு நிமிரும்போது மதியம். டாஸ்மாக் திறப்பதும் பன்னிரண்டு மணிக்கு. குமரி மாவட்டத்தில் எங்கள் அருமனைப் பக்கம், என்னையும் சேர்த்து, வெட்டுக்காரர்களின் குடிக்கு இந்தக் கடிகாரம் பாதிக் காரணம் என்பது என் கட்சி.

குடியை நிறுத்தப் போகிறேன் என்றதும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். நேர்ச்சை வை என்றார்கள், மாலை போடு என்றார்கள். சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்க ஒரு பொடி இருக்கிறதென்று ஒரு அத்தை என் மனைவியிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவள் கேட்கவில்லை, நல்லவேளை. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாதிரி மருந்து உடம்பில் இருப்பது தெரியாமல் ஒருவன் குடித்தால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்லி, தெரிந்தே சாப்பிட வேண்டியது அது.

நான் முதலில் போனது டாக்டரிடம். இதில் மட்டும் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவன் வீம்புக்கு ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதன்பின் நினைவு தப்பிப் பிதற்றலும் வரலாம். ஆஸ்பத்திரியில் நடுக்கத்துக்கு மாத்திரையும், தயாமின் என்ற வைட்டமின் ஊசியும் போட்டு அந்த வாரத்தைக் கடத்திவிட்டார்கள். எங்கே போவதென்று தெரியாதவர்கள் போதை மீட்பு உதவி எண் 14446-ஐக் கூப்பிடலாம், காசு கிடையாது. கை நடுக்கம் நின்றதில் என்னைவிடத் தோட்டத்து முதலாளிக்குத்தான் சந்தோஷம். கத்தி ஒரு நூல் ஆழமாக இறங்கினாலும் மரம் புண்ணாகிவிடும் அல்லவா.

அப்புறம் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போனேன். 1935-ல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் சேர்ந்து ஆரம்பித்தது. பேர், ஊர் கேட்க மாட்டார்கள். நம் மாவட்டத்தில் இது நடக்கிற காரியமா? இரண்டாவது வாக்கியத்திலேயே தாத்தா பேர் வரை போய்விடுவோம். ஆனால் அங்கே உண்மையாகவே கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு கவுன்சிலர் வாழ்க்கையில் என்ன லட்சியம் என்று கேட்டிருந்தார். எனக்கு வாய் வரவில்லை. கூட்டத்தில் ஒரு வயசான கொத்தனார் வேறு மாதிரி கேட்டார்: “மக்கா, ஏன் குடிச்சேன்னு பெறவு பேசுவோம். எப்ப குடிச்சே, அதச் சொல்லு.”

அதற்குப் பதில் இருந்தது. மதியம், மழை நாள், பிறகு இலையுதிர்ந்து வெட்டு நிற்கும் மாசி, பங்குனி. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் சேர்த்து அடிக்கிற ஊர் இது. பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. முழுநாள் சும்மா.

மதுவிலக்குக்காகப் போராடிய சசிபெருமாள் 2015-ல் உயிர்விட்டது எங்கள் பக்கத்து உண்ணாமலைக்கடையில்தான். கடையை மூட வேண்டும், எனக்கும் சம்மதமே. ஆனால் மூடினாலும் அந்த மதியம் காலியாகத்தானே கிடக்கும்.

மச்சான் இரண்டு தேன்பெட்டி கொடுத்தார். தேனீ மேல் எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் வந்து மார்த்தாண்டம் வட்டாரத்தில் பெட்டிகள் காலியான கதையை அப்பா சொல்லிக் கேட்டவன் நான். ஆனால் வேலையின் நேரத்தைப் பாருங்கள். ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும்போது, பூவில் அல்ல, இலைக்காம்பில் இனிப்பு நீர் சுரக்கும். எனக்கு வெட்டு இல்லாத அதே மாதங்கள்தான் தேனுக்குச் சீசன். மழையில் ஈக்குத் தீனி கிடையாது, சர்க்கரைப் பாகு காய்ச்சி உள்ளே வைக்க வேண்டும். ஸ்டாண்டின் காலடிக் கிண்ணத்தில் தண்ணீர் வற்றினால் எறும்பு ஏறிவிடும். பழைய அடையில் மெழுகுப்புழு விழுந்திருக்கிறதா என்று சட்டம் சட்டமாக எடுத்துப் பார்க்க வேண்டும். இதெல்லாம் மதியத்தில்தான் செய்கிறேன்.

கூட்டத்துக்கு இன்னும் போகிறேன். அங்கே கடவுளிடம் ஒப்படை என்கிறார்கள். எனக்கு அது பாதிதான் ஒட்டுகிறது, அதற்காக யாரும் என்னை வெளியே அனுப்பவில்லை. டாக்டர் வேண்டாம், பிரார்த்தனை போதும் என்கிறவர்களிடம் மட்டும் வாதாடுவேன்.

கல்யாண வீட்டு முந்தின ராத்திரிக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. போவதில்லை. மறுநாள் தாலிகட்டுக்குப் போய், பாயசம் வரை இருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். மச்சானுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.