அப்பத்தாவின் நேர்த்திக்கடனும் ஓரியூர்ச் செம்மண்ணும்

ஓரியூரில் மறைசாட்சியாக உயிர்விட்ட புனித அருளானந்தரிடம், அந்த ஊருக்குக் குடும்பத்தோடு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டவர் என் மாமியார். நடந்து சென்று அந்தக் கடனைத் தீர்த்தவர்கள் நாங்கள். வளைகுடாவில் சிக்கிக்கொண்ட பேரன் உயிரோடு வீடு வந்து சேர வேண்டும் என்பதுதான் அவருடைய வேண்டுதல். பேரன் வந்து சேர்ந்தான், அதைக் காண அவர் இல்லை. ஆகவே இந்தத் தை மாதம், புனிதரின் திருவிழாவுக்கு முந்தைய நாள் விடியற்காலையில், என் கணவர், மகன், மகள், நாத்தனார் குடும்பத்தார் என எல்லோருமாகத் தேவகோட்டையிலிருந்து புறப்பட்டோம்.

மகன் வெல்டிங் வேலைக்கென்று ஒரு முகவர் மூலமாகப் போனவன். என் சங்கிலியை அடகு வைத்தும், போதாததற்கு வட்டிக்கு வாங்கியும் அனுப்பினோம். செட்டிநாட்டில் கடல் கடந்து பிழைப்பது புதிய செய்தியன்று. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்கள் கட்டிய வீடுகளின் நிழலில்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். ஆனால் போன பிள்ளையின் குரலே கேட்காமல் நாள் போவது எப்படிப்பட்ட வேதனை என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். முதலில் சம்பளம் நின்றது. பிறகு அந்த நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். கடவுச்சீட்டு முதலாளியின் கையில் இருக்க, விசாக் காலம் முடிந்துபோனதால் மகனையும் அவனோடு வேலை பார்த்தவர்களையும் பிடித்துக் காவலில் வைத்துவிட்டார்கள் என்ற செய்தி, யாரோ ஒருவருடைய தொலைபேசியிலிருந்து அரைகுறையாக வந்து சேர்ந்தது. அதன்பின் ஒன்றுமில்லை. பணம் வாங்கும் வரையில் நாள்தோறும் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போன முகவர், எங்கள் எண்ணைக் கண்டாலே அழைப்பைத் துண்டிக்கத் தொடங்கினார்.

அந்த மாதங்களில் எனக்குச் செபம் வரவில்லை. ஞாயிறு திருப்பலிக்குப் போவேன். எல்லோரும் எழும்போது எழுவேன், முழந்தாளிடும்போது முழந்தாளிடுவேன். உள்ளே ஒரு சொல்லும் அசையாது. விவிலியத்தை எடுத்தால் 88-ஆம் திருப்பாடலைத் தாண்டிப் போக முடியவில்லை. மற்றப் புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசி வரிகளில் நன்றியாகவோ நம்பிக்கையாகவோ திரும்பிவிடும். இந்த ஒன்று இருளைச் சொல்லி அப்படியே முடிந்துவிடுகிறது. இப்படியொரு பாடலையும் செபம் என்றே திருச்சபை நம் கையில் கொடுத்திருக்கிறதே என்று நினைத்தது எனக்கு அன்று பெரிய ஆறுதலாக இருந்தது. விசுவாசம் இருக்கிறவர்கள் அழலாமா என்று துக்க வீட்டில் வந்து புத்தி சொல்லுகிறவர்களுக்கு இந்தத் திருப்பாடலைத்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

என் மாமியார் புத்தி எதுவும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அடுப்படியை ஒட்டிய தாழ்வாரத்தில் பாயை விரித்து, செபமாலையைக் கையில் எடுப்பார். ஒரு நாள் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உனக்குச் சொல்ல வரலேன்னா சும்மா பக்கத்துல வந்து உக்காரு. உனக்கும் சேத்து நான் சொல்லிக்கிறேன்" என்றார். அன்றுமுதல் அவர் சொன்னார், நான் உட்கார்ந்திருந்தேன். மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், முடக்குவாதமுற்ற ஒருவனை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தால் உள்ளே போக வழியில்லாமல் கூரையைப் பிரித்து அவனைப் படுக்கையோடு இறக்குகிறார்கள். அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு இயேசு அவனுடைய பாவங்களை மன்னித்தார் என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. படுத்துக் கிடந்தவன் என்ன நம்பினான், நம்பினானா என்பதற்கு ஒரு வரி இல்லை. சிறு வயதிலிருந்து எத்தனையோ மறையுரைகளில் கேட்ட பகுதி, அந்தப் படுக்கையில் கிடப்பவளாக இருந்து நினைத்தபோதுதான் எனக்கு விளங்கியது.

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் மாமியார் நெஞ்சுவலியால் இறந்துபோனார். அருளானந்தர் படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணியில் அவர் காசு முடிந்து வைத்திருந்தது அடக்கத்துக்குப் பிறகுதான் எங்கள் கண்ணில் பட்டது. தூதரகம் கொடுத்த அவசரச் சான்றிதழோடு மகன் மதுரை விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கியிருந்தது. வீட்டுக்குள் நுழைந்தவன் நேரே தாழ்வாரத்துக்குப் போய், "அப்பத்தா எங்கம்மா?" என்று கேட்டான். வழியில் அவனிடம் அதைச் சொல்லும் தைரியம் எங்கள் யாருக்கும் இருக்கவில்லை.

புறப்படுவதற்கு முன்பு, மாமியார் பல வருடங்கள் சமையல் வேலை பார்த்த பெரிய வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டியிருந்தது. அங்கே ஆச்சி மட்டும்தான் இப்போது இருக்கிறார். முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாக நீண்டு கிடக்கும் அந்த வீட்டில் விளக்கேற்ற அவர் ஒருவர். தாமும் இளமையில் காவடிக் கூட்டத்தோடு பழனிக்கு நடந்தவர் என்பதால், கால் வெடிப்புக்கு என்ன தடவ வேண்டும், எந்த நேரத்தில் நடையை நிறுத்த வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தந்தார். பிறகு பூசை அறையிலிருந்து ஒரு முடிச்சைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, "ஓரியூர் சாமிக்கு என் பேர்லயும் சேத்துடும்மா. ஒன் மாமியா சொல்லி நானும் வேண்டிக்கிட்டேன்" என்றார். எங்களுக்கே தெரியாமல் இன்னொரு வீட்டிலும் என் பிள்ளைக்காக விளக்கெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆண்டவர் யார் யார் தோளில் எங்களைச் சுமக்க வைத்திருக்கிறார்!

தை மாதத்து வழி பனியில் நனைந்து கிடந்தது. கண்மாய்களில் தண்ணீர் இருந்தது. அறுத்த நெல்லைச் சாலையில் ஒரு பக்கமாகப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். வெயில் ஏற ஏறச் சீமைக்கருவேலத்தைத் தவிர நிழலுக்கு வேறு மரம் கிடைக்கவில்லை. நாத்தனாருக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்து, ஒரு டீக்கடைத் திண்ணையில் படுக்கவைக்க வேண்டியதாயிற்று. கடைக்காரர் சர்க்கரை போட்டுக் கொடுத்த பாலுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். திருவாடானைக் கோபுரம் தூரத்தில் தெரிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அங்கே படுத்து, நள்ளிரவு கழிந்ததும் மறுபடி எழுந்து நடந்தோம்.

நடக்கும்போது என் கணவர் அருளானந்தரின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். தெரிந்த வரலாறுதான். 1647-இல் லிஸ்பனில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, சிறுவனாக இருந்தபோது கடும் நோயில் விழ, பிள்ளை பிழைத்தால் ஓராண்டு இயேசு சபையாரின் அங்கியை அணிவிப்பதாகத் தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிழைத்த சிறுவன், தான் இளவரசரோடு வளர்ந்த அரண்மனையில் அந்த உடையிலேயே நடமாடினான். ஒரு தாயின் நேர்த்திக்கடனில்தான் நம் அருளானந்தரின் கதையே தொடங்குகிறது என்பதை எத்தனை முறை கேட்டாலும் எனக்குக் கண் நிறைந்துவிடும். காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, தமிழ் பேசி இந்த மண்ணில் ஊர் ஊராக நடந்தவர், 1686-இல் மறவர் சீமையில் பிடிபட்டு, உபதேசியார்களோடு சேர்த்து வதைக்கப்பட்டார். இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையோடு விடுதலை கிடைத்தது. பிறகு சபையின் அலுவலாகப் போர்த்துக்கல் சென்றவரை, உடன் வளர்ந்த மன்னர் இரண்டாம் பேதுரு அங்கேயே நிறுத்திக்கொள்ளத்தான் ஆசைப்பட்டார். அவரோ 1690-இல் திரும்பி வந்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் எனக்கு எப்போதும் நெஞ்சு நின்றுபோகும். முதல் முறை வந்தபோது என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. இரண்டாம் முறை அடியும் தெரியும், சிறையும் தெரியும், அடுத்தது கழுத்துக்குத்தான் வரும் என்பதும் தெரியும், தெரிந்தே வந்தார். அவரிடம் திருமுழுக்குப் பெற்ற மறவ இளவரசர் தடியத்தேவர், முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கிவைக்க, விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மறவர் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப் பெண்ணாக இருந்ததால் வினை மூண்டது. 1693 சனவரியில் பிடித்து, இராமநாதபுரத்தில் சிறைவைத்து, பின்னர் ஓரியூருக்கு அனுப்பினார்கள். கொல்லப்படுவதற்கு முந்தைய நாள் அங்கிருந்து கடிதம் எழுதினார். மையும் எழுதுகோலும் இல்லாமல் கரியைக் குழைத்துத் துரும்பால் எழுதியதாகச் சொல்வார்கள். மறுநாள், பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன்கிழமை, வெட்டிக் கொன்றார்கள். கடிதத்தைப் பற்றி என் கணவர் சொல்லும்போது என் மகன் பேச்சை நிறுத்திவிட்டுச் சற்று முன்னால் நடந்து போய்விட்டான். காவலில் இருந்த நாள்களில் அவனுக்கும் ஒரு துண்டுக் காகிதம் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஓரியூருக்குள் நுழையும்போது வெளுத்துக்கொண்டு வந்தது. கூட்டத்தைச் சொல்லி முடியாது. மொட்டை போடுகிறவர்களும், பொங்கல் வைக்கிறவர்களும், நேர்ந்துவிட்ட கிடாயை இழுத்து வருகிறவர்களுமாகத் திருத்தலத்தைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லை. கிறிஸ்தவர்களுக்குச் சமமாக மற்றவர்களும் வருகிற விழா இது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். மனத்தை வருத்தியவை வேறு. பிரியும் சாலையிலேயே வழிமறித்து, மெழுகுதிரியும் மாலையும் கட்டாயம் வாங்க வேண்டும் என்பதுபோல் கையில் திணித்துவிட்டு இரட்டை விலை கேட்கிறார்கள். நடக்க முடியாத நாத்தனாருக்கு ஓர் ஆட்டோ கேட்டால், திருவிழா நாள் என்று வாய்க்கு வந்த தொகையைச் சொல்கிறார்கள். திருப்பலியில் குருவானவர் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது முன்னால் நின்றவர்கள் செல்பேசிகளை உயர்த்திப் பிடித்ததில் பீடமே தெரியவில்லை. நோயாளிகளும் கைக்குழந்தைக்காரிகளும் வரும் இடத்தில் இவற்றை நாமே ஒழுங்கு செய்துகொள்ளக் கூடாதா?

மறைசாட்சியின் இடத்துக்குப் போக வரிசையில் நெருக்கியடித்து நின்றோம். ஒருவழியாக, அவர் இரத்தத்தால் சிவந்ததாக நம்பப்படும் செம்மண்ணின் முன்னால் முழந்தாளிட்டபோது பின்னால் நின்றவர்கள் சீக்கிரம், சீக்கிரம் என்றார்கள். என் பக்கத்தில் மகன். கழுத்தில் அப்பத்தாவின் செபமாலையைப் போட்டிருந்தான். ஆனால் அதைத் தொடவில்லை. இடது கையை விரித்து வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் ஒவ்வொரு விரலின் கணுவையும் தொட்டுத் தொட்டு, 'அருள் நிறைந்த மரியே' என்னும் மங்கள வார்த்தை செபம் சொல்லிக்கொண்டிருந்தான். சுண்டுவிரலில் தொடங்கி, மேலேறி, இறங்கி, எங்கும் தடுமாறாமல் அந்தக் கட்டைவிரல் போயிற்று. காவலில் வைத்த அன்றே அவனுடைய செபமாலையை மற்றப் பொருள்களோடு வாங்கிக்கொண்டார்கள் என்றும், அதன்பின் தினமும் இப்படித்தான் சொன்னான் என்றும் அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முழந்தாளிட்டிருந்த அந்த நேரத்தில் எனக்கு அதெல்லாம் தெரியாது. விரலைப் பார்த்தேன், புரிந்துவிட்டது. தேவகோட்டைத் தாழ்வாரத்தில் கிழவி ஒருத்தியும் கடலுக்கு அப்பால் பூட்டிய அறையில் பேரனும் ஒரே செபத்தைச் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன். செபம் அறுந்தே போகவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு என் வாயில் தானாகச் சொல் வந்தது. என்ன சொன்னேன் என்று கேட்டால், நன்றி ஆண்டவரே, நன்றி, நன்றி என்பதைத் தவிர வேறொன்றும் நினைவில்லை. அழுதேன். சீக்கிரம் என்று சொன்ன பெண்ணே என் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டு, "அழும்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.

மாமியாரின் முடிச்சையும் ஆச்சியின் முடிச்சையும் சேர்த்தே காணிக்கைப் பெட்டியில் போட்டோம். செம்மண்ணைக் கொஞ்சம் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். எங்களைச் சுமந்தவர்களுக்கு நன்றி சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை: மனு எழுதிக் கொடுத்த பங்குத்தந்தைக்கு நன்றி, பதில் வரும் வரை விடாமல் தூதரகத்துக்கு எழுதிக்கொண்டே இருந்த, முகமறியாத அந்தத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நன்றி, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஒவ்வொரு வாரமும் என் மகன் பெயரைச் சொல்லிச் செபித்தவர்களுக்கு நன்றி, பாலுக்குக் காசு வாங்காத டீக்கடைக்காரருக்கு நன்றி, 1693-இல் ஓடிப்போக வழியிருந்தும் ஓடாத அருளானந்தருக்குக் கோடி நன்றி.

எங்கள் கடன் இன்னும் அடையவில்லை. சங்கிலி அடகில்தான் இருக்கிறது, வர வேண்டிய சம்பளத்தில் ஒரு காசுகூட வரவில்லை, மகன் காரைக்குடியில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போகிறான். அவனோடு பிடிபட்டவர்களில் சிலர் இன்னும் அங்கேயே காவலில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய தாய் சிவகங்கைப் பக்கத்திலிருந்து அடிக்கடி என்னைத் தொலைபேசியில் அழைத்து, ஒன்றும் பேச முடியாமல் அழுதுவிட்டு வைத்துவிடுகிறார். அந்தப் பிள்ளைகளின் பெயர்களை எழுதி ஓரியூர்ப் பீடத்தில் வைத்துவிட்டு வந்தேன். எங்கள் பங்கில் புதன்கிழமைதோறும் அவர்களுக்காகச் செபமாலை சொல்கிறோம். இதைப் படிக்கிறவர்கள், பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, அவர்களுக்காக ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லுங்கள். அந்தத் தாய்க்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.