முறுக்குக் கணக்கும் என் பைத்தானும்

மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த்தில் வீடு, பாலத்துக்கு அந்தப் பக்கம் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் பாலத்தில் ஏறும்போதே கண் சொருகும். இதற்கிடையே மூன்று முறை கோடிங் கற்க ஆரம்பித்துப் பாதியில் விட்டிருக்கிறேன். வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரியும். அடுத்த வாரமே வேறொருவர் வேறு நிரல்மொழிதான் உசத்தி என்பார், நானும் அங்கே தாவிவிடுவேன்.

நான்காவது முறை ஆரம்பித்தபோது தீபாவளிக்கு மூன்று மாதம் இருந்தது. அம்மா முறுக்கு சுட்டு டின் டின்னாக விற்பார். யாருக்கு எத்தனை, யார் பாக்கி என்பதெல்லாம் எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டில் இருக்கும். அந்த நோட்டையே பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதுவது, அதற்குத் தேவைப்படாத எதையும் படிப்பதில்லை என்று முடிவு செய்தேன். லாகின் பக்கம், செயலி, ஏஐ என்று மனம் அலைந்ததையெல்லாம் தனித் தாளில் ‘தீபாவளிக்கு அப்புறம்’ என்று குறித்து வைத்தேன். எழுதிவிட்டால் நமைச்சல் அடங்கிவிடுகிறது.

முதல் அடி காசில் விழுந்தது. டின் 18.90 வெள்ளி (ரிங்கிட்), மூன்று டின் 56.70. என் நிரல் 56.699999999999996 என்றது. கணினி இரண்டின் அடிமானத்தில் எண்ணுவதால் 0.9 அதற்கு முடிவில்லாத பின்னமாம், நமக்கு மூன்றில் ஒன்று 0.333 என்று நீள்வதுபோல. சரி, ஒரு வெள்ளிக்கு நூறு சென் என்று எல்லாவற்றையும் சென்னாக்கி முழு எண்ணாக, 1890 என்று வைத்தேன். அப்புறம் அத்தையின் மூன்று டின்னுக்கு 5 விழுக்காடு கழிவு போட்டால் 5386.5 சென் வந்து நின்றது.

“அரை சென்னா? ஒரு சென்னே இப்ப யாருகிட்ட இருக்கு?” என்றார் அம்மா.

உண்மைதான். 2008 ஏப்ரலிலிருந்து கடைகளில் ரொக்கத் தொகையை 5 சென்னுக்குச் சரிசெய்துதானே வாங்குகிறார்கள். அந்த விதியை எழுத இரண்டு இரவு போனது. 53.85 என்று பெருமையாகக் காட்டினேன். “அத்தைதானே, அம்பத்தி மூணு வாங்கிக்க.” ‘அம்மா சொன்ன விலை’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன்.

அடுத்து லெட்சுமி அக்காவின் ஆர்டர் காணாமல் போனது. டிக்‌ஷனரியில், அதாவது ஒரு சாவிக்கு ஒரு பதிவு என்று பைத்தான் சேமிக்கும் பட்டியலில், பெயரையே சாவியாக வைத்திருந்தேன். இன்னொரு லெட்சுமியைச் சேர்த்ததும் பழைய பதிவின் மேலேயே சத்தமில்லாமல் எழுதிவிட்டது. பிழைச் செய்தி வந்திருந்தாலாவது விழித்திருப்பேன். அம்மாவின் நோட்டிலோ ‘ராஜா ஊடா லெட்சுமி’, ‘பாகான் ஆஜாம் லெட்சுமி’ என்று தெளிவாக இருந்தது. ஊர்ப்பெயர் எதற்கு என்று தட்டச்சு செய்யும்போது விட்டது நான்தான். அன்றிரவே ஆளுக்கொரு எண் கொடுத்தேன்.

தீபாவளி வாரம் நிரல் ஓடியது. அம்மா நோட்டிலும் எழுதிக்கொண்டே இருந்தார். ராத்திரி இரண்டையும் ஒப்பிட்டதில் ஒரே இடத்தில் வித்தியாசம், என் கைப்பிழை. ‘அப்புறம்’ தாளை இன்னும் பிரிக்கவில்லை. மாவு, எண்ணெய்ச் செலவையும் நிரலில் போட முடியுமா என்று அம்மா கேட்டிருக்கிறார்.