ஆடு தின்னாத இலையும் மதினியின் சீனப் பொடியும்

போன மாதம் மானூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது அடுப்படி அலமாரியில் சீன எழுத்து போட்ட ஒரு பாக்கெட்டைப் பார்த்தேன். உடம்பு இளைக்க வேண்டும் என்று மதினி தினமும் காலையில் அந்தப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறார்கள், பதினைந்து நாளாக. லீவுக்கு ஊருக்கு வந்த தெரிந்தவர் ஒருவர் கொடுத்ததாம். "மூலிகைதானளா, என்ன செஞ்சிரப் போவுது" என்றார்கள். செல்போன் கேமராவைக் காட்டி எழுத்துகளை வாசிக்கவைத்தேன். ஏழெட்டுப் பெயர் வந்தது, நடுவில் ஃபாங் ஜி என்று ஒன்று. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். சீன வைத்தியத்தில் ஃபாங் ஜி என்பது ஒரே செடியின் பெயர் இல்லை. ஸ்டெபானியா என்ற கொடியின் வேரும் ஃபாங் ஜிதான், அரிஸ்டலோக்கியா இனத்துக் கொடி ஒன்றின் வேரும் ஃபாங் ஜிதான். முதலாவதை ஹான் ஃபாங் ஜி, இரண்டாவதை குவாங் ஃபாங் ஜி என்று பிரித்துச் சொல்வார்கள், ஆனால் துண்டு போட்டுக் காயவைத்து மூட்டை கட்டிய பிறகு வேரைப் பார்த்து எது எது என்று யார் கண்டுபிடிக்க முடியும்? 1990 வாக்கில் பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸில், உடம்பு இளைக்கச் சிகிச்சை எடுத்த பெண்களுக்குக் கொடுத்த மாத்திரையில் நடந்தது இதுதான். ஸ்டெபானியா என்று நினைத்துச் சேர்த்தது அரிஸ்டலோக்கியாவாக இருந்தது. கொஞ்ச நாளில் ஒவ்வொருவராகச் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்கள். 1993இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் டாக்டர்கள் ஒன்பது பெண்களைப் பற்றி எழுதினார்கள், அத்தனை பேரும் ஐம்பது வயதுக்குள். அப்புறம் கணக்கு நூறைத் தாண்டியது, பலருக்கு டயாலிசிஸ், பலருக்கு மாற்றுச் சிறுநீரகம்.

அதோடு முடியவில்லை. புற்றுநோய் வந்துவிடுமோ என்று பயந்து, செயலிழந்த சிறுநீரகத்தையும் சிறுநீர்க் குழாயையும் முன்கூட்டியே எடுத்துவிடச் சம்மதித்த 39 பேரைச் சோதித்ததில் 18 பேருக்கு ஏற்கெனவே புற்றுநோய் இருந்தது. 2000இல் வெளியான ஆய்வு அது. பாதிக்குக் கொஞ்சம் குறைவு. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் அரிஸ்டலோக்கியாவில் இருக்கும் அரிஸ்டலோக்கிக் அமிலம். உடம்புக்குள் போனதும் இது மாறி, சிறுநீரகக் குழாய்ச் செல்களின் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்கிறது, வருஷக்கணக்காக அங்கேயே கிடக்கிறது. குடித்த அன்று வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால் யாராவது நிறுத்துவார்கள். இதில் ஒன்றும் தெரியாது, அதுதான் ஆபத்து. டான்யூப் ஆற்றங்கரைப் பக்கம், செர்பியா, குரோஷியா, பல்கேரியா கிராமங்களில் சில குடும்பங்களுக்கு மட்டும் ஏன் சிறுநீரகம் கெடுகிறது என்று 1950களிலிருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கோதுமை வயலில் களையாக முளைத்த அரிஸ்டலோக்கியாவின் விதை மாவோடு அரைபட்டு ரொட்டியில் போனதுதான் காரணம் என்று தெரிந்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இந்த அமிலத்தை முதல் பிரிவில் வைத்திருக்கிறது, அதாவது மனிதனுக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பிரிவு. சீனாவே 2004இல் குவாங் ஃபாங் ஜியை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

சரி, எங்கோ நடந்த கதை என்று நினைக்காதீர்கள். மானூர்க் கரிசலில் மழைக்குப் பிறகு தரையோடு படரும் ஆடுதின்னாப்பாளையைப் பார்த்திருப்பீர்கள். சாம்பல் பூத்த மாதிரி இலை, கசக்கினால் மூக்கைத் திருப்ப வைக்கும் நாற்றம், கருஞ்சிவப்பில் குழல் மாதிரி பூ. அதுவும் அரிஸ்டலோக்கியாதான். அந்த அமிலம் அதிலும் இருக்கிறது. சின்ன வயதில் அந்த இலையில் சிவப்பு முள் நீட்டிக்கொண்டிருக்கும் கறுத்த புழுக்களைக் குச்சியால் தட்டி விளையாடுவேன். அந்தப் புழு இலையிலுள்ள விஷத்தை உடம்பில் சேர்த்துவைத்து, சிவப்பு உடம்பும் கறுப்பு இறக்கையுமாக வண்ணத்துப்பூச்சி ஆன பிறகும் பறவை தின்னாமல் தப்பிக்கிறது. "ஆடே வாயை வைக்காது, கையைக் கழுவிட்டு வாட்டி" என்று ஆச்சி விரட்டுவாள். அதே ஆச்சி வயிற்றுப் பூச்சிக்கு அந்த இலையைத்தான் அரைத்துக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு அது தெரிந்த மருந்து, மனசார நம்பிக் கொடுத்தாள், அவள்மேல் எனக்குத் துளி வருத்தம் கிடையாது. ஆனால் சிறுநீரகத்துக்குள் முப்பது வருஷம் கழித்து நடப்பதை எந்த ஆச்சியும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. இன்றைக்குப் பூச்சிக்குப் பள்ளிக்கூடத்திலேயே அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள், பிறகு அந்த இலை எதற்கு?

சீன மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலேரியாவுக்கு உலகமே நம்பியிருக்கும் ஆர்ட்டிமிசினின் ஒரு சீனச் செடியிலிருந்து வந்ததுதான். பழைய ஏட்டில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதைப் பார்த்து, அதிகச் சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்த து யூயூ அம்மையாருக்கு 2015இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர் அந்தச் சாற்றை விலங்குகளிடம் சோதித்தார், பிறகு தானே குடித்துப் பார்த்தார், அதன் பிறகுதான் நோயாளிக்குக் கொடுத்தார். மதினியின் பாக்கெட்டில் இருப்பதை அப்படிச் சோதித்தவர் யார்? எந்தச் செடி, அதன் தாவரவியல் பெயர் என்ன, எந்தப் பாகம், எவ்வளவு, ஒன்றும் அதில் இல்லை. ஸ்டெபானியாவாகவே இருக்கலாம். ஆய்வகத்தில் பார்க்காமல் சொல்ல முடியாது, நான் அந்த "இருக்கலாம்" மேல் மதினியின் சிறுநீரகத்தைப் பந்தயம் வைக்கத் தயாராக இல்லை.

அன்றைக்கே நிறுத்தச் சொன்னேன், கோபப்பட்டார்கள். மறுநாள் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்தோம், சிறுநீரும் கொடுத்தோம். ரெண்டும் சரியாக இருக்கிறது. டாக்டர் ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார். பாக்கெட்டை நான் வாங்கி வந்துவிட்டேன். கொடுத்தவர் இன்னும் மூன்று வீட்டுக்குக் கொடுத்திருக்கிறாராம், மதினி விலாசம் சொல்லியிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும்.